தள்ளினால் திறக்க வேண்டும்: அவசர வழிக் கதவுக்குப் பேனிக் பார் பொருத்துவது எப்படி?

சென்ற ஆண்டு ஒரு திருமண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் பின்கதவைப் பார்க்கப் போயிருந்தேன். கதவில் நல்ல தரமான பேனிக் பார், அதாவது உடம்பால் தள்ளினாலே தாழ் விடுபடும் குறுக்குப் பட்டை, இருந்தது. அந்தப் பாரையும் பக்கத்து ஜன்னல் கம்பியையும் சேர்த்து இரும்புச் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டியிருந்தார்கள். சங்கிலி உரசிய இடத்தில் பாரின் பூச்சு உரிந்து துரு ஏறியிருந்தது. அப்படியென்றால் அது நேற்றோ முந்தாநாளோ போட்ட சங்கிலி அல்ல.

மண்டபத்தின் மேற்பார்வையாளரிடம் காரணம் கேட்டேன். "அழைக்காதவர்கள் பின்பக்கமாக வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள் சார்" என்றார். சங்கிலியைக் கழற்றச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு அவரை வெளியே நின்று திறந்துபார்க்கச் சொன்னேன். வெளிப்பக்கம் பிடிக்க ஒன்றுமில்லை, வெறும் தகடுதான். விளிம்பில் விரல்நுனியைக் கொடுத்து இழுத்தார், அசையவில்லை. உள்ளே வரச் சொல்லி, கைகளைக் கட்டிக்கொண்டு இடுப்பால் பாரை இடிக்கச் சொன்னேன். கதவு அகலத் திறந்தது. அவர் சற்று நேரம் பேசவே இல்லை. வெளியாட்களைத் தடுக்க அவர் தேடிய பூட்டு அந்தக் கதவிலேயே முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது. அதைப் பொருத்தியவர் ஐந்து நிமிடம் நின்று விளக்கவில்லை.

இந்தக் கருவியைப் பொருத்துவது கடினமில்லை. அதன் வேலையைப் புரிந்துகொண்டு பொருத்துவதுதான் முக்கியம். ஆகவே டிரில்லைக் கையில் எடுக்கும் முன் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

ஏன் கைப்பிடி போதாது

1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில், விக்டோரியா ஹால் என்ற அரங்கில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடந்தது. முடிவில் மேடையில் பரிசு கொடுக்கிறார்கள் என்றதும் மாடியில் இருந்த பிள்ளைகள் படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். கீழே இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது. அதிலும் ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட்டுத் தாழிட்டிருந்தார்கள். 183 குழந்தைகள் நெரிசலில் இறந்துபோனார்கள். அங்கே தீ எதுவும் பற்றவில்லை. கதவு ஒன்றுதான் காரணம். பின்னர் ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் தள்ளினாலே விடுபடும் தாழ்ப்பாளை உருவாக்கி, 1892-இல் காப்புரிமை பெற்றார்.

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் இராகுவா தியேட்டர் எரிந்து சுமார் 600 பேர் மாண்டார்கள். அன்று அந்தக் காட்சிக்குப் போவதாக இருந்து போகமுடியாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் விற்பனையாளர். அவர் ஹென்றி டுபாண்ட் என்பவருடன் சேர்ந்து உருவாக்கிய கருவி 1908-இல் 'வான் டுப்ரின்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்தப் பெயர் இன்றும் சந்தையில் இருக்கிறது.

கூட்டம் முண்டும்போது முன்வரிசையில் நிற்பவரின் நெஞ்சு கதவோடு அழுந்திக் கிடக்கும். கையை உயர்த்த இடமிருக்காது. கதவை இழுக்கப் பின்னால் ஓரடி வைக்கவும் முடியாது. புகை வந்துவிட்டால் கண்ணும் தெரியாது. அந்த நிலையிலும் உடம்பு கதவில் சாய்ந்த மாத்திரத்தில் திறக்க வேண்டும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இதற்காகவே.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புதிய கருவியைப் பிரித்ததும் பொருத்த ஓடாதீர்கள். மேசையில் வைத்து, பாரை மெதுவாக அழுத்தி விடுங்கள். நாலைந்து முறை செய்யுங்கள்.

ஒரு முனையில் கனமான தலைப்பெட்டி இருக்கும். அதிலிருந்து, கதவைப் பூட்டிப் பிடிக்கும் நாக்கு வெளியே நீண்டிருக்கும். நீங்கள் பாரைக் கதவை நோக்கி அழுத்துகிறீர்கள். நாக்கோ உள்ளே இழுத்துக்கொள்கிறது. திசை மாறுகிறது அல்லவா? பாருக்கு அடியில் இருக்கும் முழங்கை போல வளைந்த நெம்புகோல்தான் அந்த வேலையைச் செய்கிறது. அழுத்தம் நின்றதும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும்.

நாக்கின் ஒரு பக்கம் சரிவாக இருப்பதையும் கவனியுங்கள். கதவு சாத்தும்போது அந்தச் சரிவு நிலையில் உள்ள ஸ்ட்ரைக்கில் (நாக்கு மாட்டிக்கொள்ளும் இரும்புத் துண்டில்) மோதி, நாக்கு தானாகவே உள்வாங்கி மறுபடி வெளியே வந்து மாட்டிக்கொள்ளும். அதனால் சாத்துவதற்குப் பாரைத் தொட வேண்டியதில்லை.

பல கருவிகளில் பெரிய நாக்கை ஒட்டி ஒரு குட்டி நாக்கும் இருக்கும். கதவு சாத்தியிருக்கும்போது ஸ்ட்ரைக் அதை உள்ளே அழுத்தி வைத்திருக்க வேண்டும். அது அழுந்தியிருக்கும் வரை வெளியிலிருந்து அட்டையோ தகடோ நுழைத்துப் பெரிய நாக்கைத் தள்ள முடியாது. ஸ்ட்ரைக்கை இடம் தவறிப் பொருத்தினால் இரண்டு நாக்குகளும் ஒன்றாகப் பள்ளத்தில் விழுந்துவிடும். கதவு சாத்தியதுபோலத்தான் தெரியும்; ஆனால் காவல் போய்விடும்.

படி 2: உங்கள் கதவுக்கு எது?

ஒற்றைக் கதவு என்றால் மேல்பொருத்தும் வகை வாங்குங்கள். தலைப்பெட்டி கதவின் முகத்தில் உட்காரும், ஸ்ட்ரைக் நிலையில் உட்காரும். கதவைக் குடைய வேண்டியதில்லை. தொடங்குபவர்களுக்கு இதுதான் ஏற்றது. இந்தக் கட்டுரையும் இதைப் பற்றியதே.

நடுவில் தூண் இல்லாத இரட்டைக் கதவுக்குச் செங்குத்துக் கம்பி வகை வேண்டும். பாரை அழுத்தினால் மேலும் கீழும் ஓடும் கம்பிகள் இரண்டு நாக்குகளையும் ஒரே நேரத்தில் விடுவிக்கும். கம்பியின் நீளம் சிறிது பிசகினாலும் ஒரு நாக்கு விடுபட்டு மற்றொன்று சிக்கி நிற்கும். முதல் வேலையாக இதை எடுக்காதீர்கள்.

கதவு தீத்தடுப்புக் கதவா என்று விளிம்பில் இருக்கும் முத்திரைத் தகட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆம் என்றால், தீத்தடுப்புக் கதவுக்கென்று சோதித்துச் சான்று பெற்ற கருவி மட்டுமே ஏற்கத்தக்கது. உற்பத்தியாளர் அனுமதிக்காத ஒரு துளையும் போடக் கூடாது.

வாங்கும்போது சான்றைக் கேளுங்கள். ஐரோப்பியத் தர நெறிகளில் இரண்டு எண்கள் உண்டு. இ.என். 1125 என்பது பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு, அதாவது கட்டடம் பழக்கமில்லாதவர்களும் பதற்றத்தில் வெளியேறும் இடங்களுக்கு. இ.என். 179 என்பது வழி தெரிந்த ஊழியர்கள் மட்டும் புழங்கும் இடங்களுக்கு. மண்டபம், தியேட்டர், பள்ளி என்றால் 1125-ஐத் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள். விலை குறைகிறதே என்று கடைக்காரர் 179-ஐக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்கக் கருவிகளில் பேனிக் பாருக்கான தரக் குறியான யு.எல். 305 என்ற குறிப்பு இருக்கும்.

படி 3: முதலில் கதவைச் சரிசெய்யுங்கள்

கதவு வெளிநோக்கித்தான் திறக்க வேண்டும். உள்நோக்கித் திறக்கும் கதவில் பேனிக் பாருக்கு வேலையே இல்லை. கதவைத் திருப்பி மாட்டிவிட்டு வாருங்கள்.

கதவைச் சாத்தி, நிலைக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே அகன்று கீழே உரசினால் கீல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். தொங்கும் கதவில் எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும் மூன்று மாதத்தில் நாக்கு ஸ்ட்ரைக்கைத் தவறவிடும். கீல் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள், தேவையானால் கீலையே மாற்றுங்கள். விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே ஒட்டிவிடுங்கள். பிறகு ஒட்டினால் கதவு முழுதாகச் சாத்தாது.

படி 4: குறிப்பது

பாரின் உயரம் தரையிலிருந்து 900 முதல் 1100 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். நான் 1000-இல் குறிப்பேன். தரை என்றால் முடிந்த தரை. டைல்ஸ் இன்னும் போடாத கட்டடத்தில் கான்கிரீட்டிலிருந்து அளந்துவிட்டு, பிறகு பார் ஐந்து சென்டிமீட்டர் கீழே போய்விட்ட வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

நீளம், இ.என். 1125-இன்படி கதவின் அகலத்தில் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவின் உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 101 குறைந்தது பாதி என்கிறது. நீண்டிருந்தால் நல்லதே. அதிகப்படியை வெட்ட வேண்டி வந்தால் கீல் பக்க முனையில் மட்டும் ஹேக்சாவால் வெட்டுங்கள். தலைப்பெட்டிப் பக்கம் தொடவே கூடாது. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து மழுப்பிவிடுங்கள்.

பெட்டியோடு வரும் காகித டெம்ப்ளேட்டைக் கதவில் ஒட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு துளையின் மையத்திலும் பஞ்ச்சால் ஒரு தட்டுத் தட்டுங்கள். அந்தச் சிறு குழி இல்லாவிட்டால் இரும்புத் தகட்டில் டிரில் வழுக்கும்.

படி 5: துளையிட்டுப் பொருத்துவது

சிறிய பிட்டில் தொடங்கி, கையேடு சொல்லும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். துளையிடும்போது தலைப்பெட்டி பக்கத்தில் திறந்து கிடக்கக் கூடாது. இரும்புத் தூள் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் ஸ்பிரிங் பக்கம் போய் அரைத்துக்கொண்டே இருக்கும். துணியால் மூடி வையுங்கள். துளையிட்ட பிறகு தூளைத் துடைத்தெடுங்கள்.

முதலில் தலைப்பெட்டி, பிறகு கீல் பக்கத் தாங்கி, கடைசியாக மூடிகள். எல்லா ஸ்க்ரூக்களையும் பாதி இறுக்கி, பாரை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு முழுதாக இறுக்குங்கள். இறுக்கியதும் பார் கனத்துப்போனால் தாங்கி கோணலாக இருக்கிறது.

படி 6: ஸ்ட்ரைக்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒரு சிறு இரும்புத் துண்டு. பத்தில் ஒன்பது கோளாறு இதன் இடத்தில்தான்.

ஸ்ட்ரைக்கில் நீள்துளைகள் இரண்டும் வட்டத்துளை ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். இப்போது நீள்துளைகளில் மட்டும் ஸ்க்ரூ போட்டு லேசாக இறுக்குங்கள். நாக்கின் மேல் சாக்பீஸைத் தேயுங்கள். கதவை மெதுவாகச் சாத்தித் திறந்து, ஸ்ட்ரைக்கில் வெள்ளைத் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தடம் ஓரமாக மட்டும் விழுந்தால் ஸ்ட்ரைக்கை நகர்த்துங்கள். மறுபடி சாக்பீஸ், மறுபடி சாத்துங்கள். நான்கு முறையானாலும் சலிக்காதீர்கள்.

சாத்திய கதவைக் கையால் உலுக்கினால் மிகச் சிறிய அசைவு இருக்க வேண்டும். கடகடவென்று ஆடினால் தளர்வு. துளியும் அசையாவிட்டால் நாக்கு நெருக்கிப் பிடித்திருக்கிறது; அந்த உராய்வு முழுவதும் பாரைத் தள்ளுபவரின் உடம்பில்தான் ஏறும். இடம் சரியானதும் வட்டத்துளையில் ஸ்க்ரூவைப் போட்டு நிலையாக்குங்கள். குட்டி நாக்கு அழுந்தி நிற்கிறதா என்று சந்தின் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்.

படி 7: சோதனை

உள்ளங்கையால் பாரின் நடுவில், பிறகு இரு ஓரங்களில் அழுத்துங்கள். கீல் பக்க ஓரத்தில் அழுத்தினாலும் நாக்கு முழுதாக விடுபட வேண்டும். பிறகு முழங்கை, அடுத்து இடுப்பு.

விசைக்கு வரம்பு உண்டு. என்.எஃப்.பி.ஏ. 101 நாக்கை விடுவிக்க 67 நியூட்டனுக்கு மேல் ஆகக் கூடாது என்கிறது; ஏழு கிலோ எடைக்குச் சற்றுக் குறைவு. இ.என். 1125-இல் இது 80 நியூட்டன். தள்ளுவிசை அளக்கும் மானி கிடைத்தால் அளந்து எழுதி வையுங்கள்.

அடுத்த சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இருவரைத் தோளால் கதவில் பலமாகச் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். அவர்கள் சாய்ந்திருக்கும்போதே பாரை அழுத்துங்கள். கூட்டம் முண்டும் நிலை இதுவே. இ.என். 1125 சான்றுச் சோதனையில் கதவின் மேல் 1000 நியூட்டன், ஏறத்தாழ நூறு கிலோ எடையின் அழுத்தம் இருக்கும்போதும் 220 நியூட்டனுக்குள் திறந்தாக வேண்டும். சாய்ந்து நிற்பவர்கள் கதவோடு வெளியே விழாமல் பிடித்துக்கொள்ள ஒருவரை வெளியே நிறுத்துங்கள்.

கடைசியாக, கதவை இதுவரை பார்த்திராத ஒருவரை அழைத்து, இரு கைகளிலும் பையைக் கொடுத்து, வெளியே போகச் சொல்லுங்கள். ஒன்றும் விளக்காதீர்கள். அவர் ஒரு கணம் தயங்கி நின்றாலும் ஏன் என்று கேளுங்கள்.

படி 8: சாவி கொடுக்கும் முன்

சில கருவிகளில் ஆலன் சாவியால் (அறுகோண முனையுள்ள சிறு சாவி) பாரை அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்கும் வசதி உண்டு. ஆட்கள் ஓயாமல் போய்வரும் பகல் நேரத்துக்கு அது உதவும். தீத்தடுப்புக் கதவில் அந்த வசதி இருக்கவே கூடாது. தீயின்போது நாக்கு மாட்டியிருந்தால்தான் கதவு சாத்தியபடி நின்று புகையைத் தடுக்கும்.

கதவில் பழைய டவர் போல்ட், கொண்டி ஏதாவது மிச்சமிருந்தால் அன்றே கழற்றுங்கள். 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனில் கோகனட் குரோவ் விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு கதவில் பேனிக் பார் இருந்தது. அதைத் திறக்க முடியாதபடி தனியே பூட்டியிருந்தார்கள்.

காவலாளியையும் மேற்பார்வையாளரையும் கதவருகே அழைத்து, நான் அந்த மண்டபத்தில் செய்ததைச் செய்யுங்கள்: ஒருமுறை வெளியே நின்று திறந்துபார்க்கட்டும், ஒருமுறை உள்ளே நின்று தள்ளட்டும். யாராவது உள்ளிருந்து திறந்து ஆட்களை விடுவார்களே என்ற கவலை இருந்தால், திறந்ததும் ஒலிக்கும் அலாரம் பொருத்திய வகை கிடைக்கும் என்று சொல்லுங்கள். கதவின் இருபுறமும் நாற்காலி அடுக்கக் கூடாத இடத்தைத் தரையில் மஞ்சள் பெயிண்டால் வரைந்து காட்டுங்கள்.

மாதம் ஒருமுறை இடுப்பால் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கு சுணங்கினால் தேங்காயெண்ணெயோ கிரீஸோ வேண்டாம், தூசி ஒட்டும்; கிராஃபைட் தூள் போதும். அந்த மண்டபத்துக்கு நான் போன மாதம் மறுபடி போனேன். சங்கிலி இல்லை. பாரில் உரிந்த இடத்துக்குப் புதிதாகப் பூச்சு அடித்திருந்தார்கள்.