தொண்டை வலியோடு எச்சிலும் வடிகிறதா? எபிகுளோட்டைட்டிஸ் அவசர வழிகாட்டி

நாக்கின் வேருக்குப் பின்னால், மூச்சுப் பாதை தொடங்கும் இடத்தில் குருத்தெலும்பாலான ஒரு சின்ன மூடி இருக்கிறது. விழுங்கும்போது சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காப்பது அதுதான். தொற்று வந்து அது வீங்குவதுதான் எபிகுளோட்டைட்டிஸ். சில மணி நேரத்திலேயே மூச்சை அடைத்துவிடலாம்.

படி 1: அடையாளம் காணுங்கள்

காலையில் ஓடியாடிய குழந்தைக்கு மாலைக்குள் கடும் காய்ச்சல், தொண்டை வலி. படுக்க வைத்தால் எழுந்துகொள்ளும். கைகளை முன்னால் ஊன்றி, தாடையை நீட்டி, வாயைத் திறந்தபடி உட்காரும், விழுங்க முடியாததால் எச்சில் வடிந்துகொண்டே இருக்கும், மூச்சை இழுக்கும்போது கர்ரென்று சத்தம் வரும். குழந்தைகளின் குரல்வளை வீங்கும் குரூப் நோயிலும் இந்தச் சத்தம் உண்டு. ஆனால் அதில் நாய் குரைப்பது போன்ற இருமல் இருக்கும், இதில் பெரும்பாலும் இருமலே இருக்காது.

பெரியவர்களுக்கு ஓரிரு நாள் எடுத்து மெதுவாக வரும், அதனால்தான் கோட்டை விடுகிறோம். எச்சில் விழுங்கவே உயிர் போகிற வலி, குரல் அமுங்கிப் போயிருக்கும், ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்படியிருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூச்சு வாங்கினாலோ எச்சில் வடிந்தாலோ 108தான்.

படி 2: இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஸ்பூனால் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாம், விரலையும் விட வேண்டாம், வீங்கிய பாதை அதிலேயே முழுதாக அடைத்துக்கொள்ளலாம். படுக்க வைக்காதீர்கள். கஷாயம், சிரப், உப்புத் தண்ணீர் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. 1799 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தது இந்த நோயால்தான் என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். வினிகர் கலந்த மருந்தைக் கொப்பளிக்கப் போய் அவருக்கு மூச்சே நின்றுவிடும் போலானது.

படி 3: 108

"மூச்சுத் திணறுகிறது, எச்சில்கூட விழுங்க முடியவில்லை" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தை அம்மா மடியிலேயே, அதற்கு வசதியான நிலையில் உட்கார்ந்திருக்கட்டும். அழவிடாதீர்கள். ஆம்புலன்சில் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கண்டு பயந்தால் முகத்தில் அழுத்தாமல் சற்றுத் தள்ளிப் பிடித்தால் போதும்.

படி 4: மருத்துவமனையில்

வந்தவுடன் ஊசிகூடப் போடவில்லையே என்று கோபப்படாதீர்கள், குழந்தை வீறிட்டு அழுதால் மூச்சு அடைக்கலாம் என்றுதான் காத்திருக்கிறார்கள். மயக்க மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து, பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில், முதலில் மூச்சு விடுவதற்கான குழாய் பொருத்துவார்கள். அப்புறம்தான் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாட்டிக் ரத்தக் குழாய் வழியே ஏறும். வீக்கம் வடிய வடிய, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குழாயை எடுத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பதுண்டு. எல்லோருக்கும் குழாய் தேவைப்படாது.

படி 5: தடுப்பூசி

குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் ஹிப் என்ற பாக்டீரியாவால் வந்தது. அதற்கான தடுப்பு மருந்து, ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியிலேயே இருக்கிறது. இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் இதை இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். 6, 10, 14 வாரங்களில் மூன்று டோஸ். ஏதாவது விட்டுப்போயிருந்தால் தடுப்பூசி அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.