ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி: ஜோடி முயல்களுக்குத் தீவனம் பிரித்துக் கொடுப்பது எப்படி?

ஜோடி முயல் வளர்க்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கிண்ணம்தான் இருக்கும். காலையில் அதில் தீவனத்தைக் கொட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம்; மாலையில் கிண்ணம் காலியாக இருக்கும். எது எவ்வளவு தின்றது என்று தெரியாது. முரட்டு முயல் முக்கால் பங்கைத் தின்றிருக்கும், சாதுவானதற்கு மிச்சம் மீதி கிடைத்திருக்கும். சில மாதங்களில் ஒன்று உருண்டுவிடும், மற்றொன்றுக்கு முதுகெலும்பு துருத்தும்.

உடனே இரண்டையும் வேறு வேறு கூண்டில் போட்டுவிடாதீர்கள். பழகிய ஜோடியை நாள்கணக்கில் பிரித்து வைத்தால், திரும்பச் சேர்க்கும்போது கடித்துக் குதறிக்கொள்ளக்கூடும். புல் இரண்டுக்கும் பொது. பெல்லட் எனப்படும் குச்சித் தீவனம் மட்டும் தனித்தனி, அதுவும் கால் மணி நேரத்துக்குத்தான்.

படி 1: உண்மையிலேயே குண்டா, வெறுமனே பெரிய இனமா?

நம் ஊரில் விற்கப்படும் பெரிய முயல்களில் பல, இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனங்களின் வாரிசுகள். நியூசிலாந்து வெள்ளை, வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்றவை 4 கிலோவைத் தாண்டுவது இயல்பு. அதன் துணை ஒரு கிலோ எடையுள்ள குட்டை இன முயலாக இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

விலாப் பக்கத்தில் விரல்களை மெல்ல ஓட்டுங்கள். சட்டைப் பையில் இருக்கும் பேனாக்களைத் துணிக்கு மேலே தடவியதைப் போல விலா எலும்புகள் தட்டுப்பட்டால் எடை சரி. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடியிருக்கிறது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூர்மையாகக் குத்தினால் எடை போதாது. பெண் முயலுக்குத் தாடைக்குக் கீழே மடிப்பாகத் தொங்கும் சதை இயற்கையானது; அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

படி 2: தீவனத்தில் கை வைக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்

ஒல்லி முயலுக்குக் கூடுதலாகக் கொட்டினால் தேறிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப் பற்கள் சரியாகத் தேயாவிட்டால் முள்முள்ளாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். பசி இருந்தும் மெல்ல முடியாமல் புல்லை ஒதுக்கும், தாடை ஈரமாக இருக்கும். குடல் ஒட்டுண்ணிகளாலும் எடை குறையலாம். வாயைத் திறந்து கடைவாய்ப் பற்களைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவராகத் தேடிப் பிடியுங்கள்.

குண்டு முயலுக்கும் ஒரு கேள்வி உண்டு. ஜோடி ஆணும் பெண்ணுமாக இருந்து கருத்தடை செய்யப்படவில்லை என்றால், பெண்ணின் எடை ஏறியதற்குக் காரணம் தீவனமாக இல்லாமல் சினையாகவும் இருக்கலாம். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய ஒரே மாதம். சினை முயலுக்குப் பத்தியம் போட்டுவிடாதீர்கள்.

படி 3: எடை போட்டு எழுதி வையுங்கள்

ஐந்து கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, முயலை உள்ளே விடுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலைத் தீவனத்துக்கு முன்.

குண்டு முயல் வாரத்துக்குத் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும். 2.8 கிலோ முயலுக்கு அது 28 கிராம்தான். அவசரம் ஆபத்து. கொழுத்த முயல் திடீரெனப் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிரையே பறித்துவிடும். முயலுக்கு ஒரு வேளை விரதம்கூடக் கூடாது.

படி 4: புல்லுக்கு அளவே கிடையாது

குண்டு முயலுக்கும் புல்லைக் குறைக்காதீர்கள். உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாகத்தான் இருக்க வேண்டும். குடல் ஓடுவதும் பல் தேய்வதும் அதனால்தான். திமோதி உலர்புல் இணையத்தில் கிடைக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும். மருந்து தெளிக்காத அருகம்புல்லைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, தாராளமாகப் போடலாம். இதுவரை புல்லே தின்னாத முயலுக்குப் பச்சைப் புல்லைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் ஆகியவற்றை இந்தப் பொதுப் புல்லில் கலக்காதீர்கள். பெயரிலேயே முயல் இருக்கிறதே என்று கேட்கலாம். இவை பயறு வகைச் செடிகள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளரும் குட்டிக்கும் எடை ஏற வேண்டிய முயலுக்கும் நல்லது, குண்டு முயலுக்கு ஆகாது. ஒல்லி முயலுக்கும் ஒரு கைப்பிடி போதும், அதையும் தனியாகக் கொடுங்கள். முயல் தேவைக்கு மிஞ்சிய சுண்ணாம்பைச் சிறுநீரில்தான் வெளியேற்றும். சிறுநீர் வெண்ணிறக் குழம்பாக வரத் தொடங்கினால் மசாலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 5: பெல்லட்டைத் தராசில் நிறுத்துக் கொடுங்கள்

கைப்பிடிக் கணக்கு உதவாது. முதலில் மூட்டையைப் பாருங்கள். பண்ணைகளுக்கான முயல் தீவனம், குட்டியை 12 வாரத்தில் 2 கிலோ ஆக்குவதற்கென்றே தயாரிக்கப்படுவது. வீட்டில் இருக்கும் வளர்ந்த முயலுக்கு அது வேண்டாம். நார்ச்சத்து 18 சதவீதத்துக்கு மேலும் புரதம் 14 சதவீதத்துக்குள்ளும் இருப்பதாகத் தேர்ந்தெடுங்கள்.

ஆரோக்கியமான முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பெல்லட் என்பது உச்சவரம்பு. மல்லி, மிளகு என்று இரண்டு முயல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மல்லி 2.8 கிலோ, வர வேண்டிய எடை 2.4. மிளகு 1.5 கிலோ, வர வேண்டிய எடை 1.7. கணக்கை வர வேண்டிய எடைக்குப் போடுங்கள். மிளகுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் கொடுக்கலாம். மல்லிக்கு கிலோவுக்கு 12 கிராம் வீதம் 30 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். இதுவரை அது 60 கிராம் தின்றுகொண்டிருந்தால், நான்கு நாளைக்கு ஒரு முறை 10 கிராம் குறையுங்கள். வயிறு கெடாது, கோபமும் குறைவாக இருக்கும். மிளகுக்குக் கூட்டுவதையும் இதேபோல் மெதுவாகச் செய்யுங்கள்.

படி 6: கால் மணி நேரப் பந்தி

அன்றைய அளவைக் காலை, மாலை என இரண்டாகப் பிரியுங்கள். மிளகு கூண்டுக்குள், மல்லி வெளியே, நடுவில் கம்பிக் கதவு. ஒன்றையொன்று பார்க்கவும் மோந்துகொள்ளவும் முடிய வேண்டும். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுங்கள்.

மல்லி தன் பங்கை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கம்பியைக் கடிக்கும். அதன் பெல்லட்டைக் கிண்ணத்தில் போடாமல் உலர்புல்லுக்குள் தூவிவிடுங்கள், தேடித் தின்னட்டும். இரண்டுக்கும் உருவ வித்தியாசம் நன்றாக இருந்தால் வேறொரு வழியும் உண்டு: ஓர் அட்டைப்பெட்டியில் மிளகு மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதன் தீவனத்தை உள்ளே தள்ளி வையுங்கள். மல்லி இளைக்கத் தொடங்கியதும் ஓட்டையை மறுபடி அளந்து பார்ப்பது நல்லது.

கீரையும் தின்பண்டமும்

கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட்டின் மேல் தழை ஆகியவற்றை இரண்டுக்கும் சேர்த்தே கொடுக்கலாம். பாலக்கீரையும் முருங்கைக்கீரையும் எப்போதாவது கொஞ்சம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. கேரட்டை முயலின் தேசிய உணவாக்கியது கார்ட்டூன்காரர்களின் வேலை. அதில் சர்க்கரை அதிகம். மிளகுக்கு மெல்லிய ஒரு துண்டு கொடுக்கலாம், மல்லிக்கு வேண்டாம். எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை, வீட்டுப் பெரியவர்கள் அன்போடு நீட்டும் பிஸ்கட்டை நிறுத்துவது. கூடவே நாலு கொத்தமல்லித் தண்டை ஒரு டப்பாவில் வைத்து, "இதைக் கொடுங்கள் பாட்டி" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் மனக்குறை இராது.

எதைக் கவனிக்க வேண்டும்?

முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். கொத்தாக, மெத்தென்று இருப்பதை ஆசனவாயிலிருந்தே தின்றுவிடும். அதிலிருந்து சத்து கிடைக்கிறது. குண்டு முயலால் வளைந்து எட்ட முடியாததால் அது பின்புறத்தில் அப்பிக்கொள்ளும், ஈ மொய்க்கும், வெயில் காலத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். எனவே மல்லியின் பின்புறத்தைத் தினமும் பாருங்கள்.

மே மாதத்தில் எடை இறங்கினால் பத்தியம் பலித்துவிட்டது என்று மகிழ வேண்டாம். வெக்கையில் முயல் தீனியைக் குறைத்துக்கொள்ளும். புல்லையும் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த முயலாக இருந்தாலும் 12 மணி நேரம் எதையும் தின்னவில்லை, அல்லது புழுக்கை போடவில்லை என்றால், மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அப்போது துணையையும் அதே கூடையில் கொண்டுபோனால், திரும்பி வந்த பிறகு ஜோடிக்குள் சண்டை வரும் வாய்ப்பு குறையும்.