டச் ஸ்கிரீனில் தட்டியது பிஎல்சிக்குப் போனதா?

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு ஷாப். டிரம் கதவை மேலே கொண்டுவர ஆபரேட்டர் ஸ்கிரீனில் இஞ்சிங் பட்டனை (பிடித்திருக்கும் வரை மட்டும் டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுவது) தட்டுகிறார், மூன்று தட்டுக்கு ஒரு தடவைதான் டிரம் அசைகிறது. "ஸ்கிரீன் போயிடுச்சு சார், மாத்திக் குடுங்க" என்றார். ஸ்கிரீன் நன்றாகத்தான் இருந்தது, தப்பு அதற்குப் புரோகிராம் எழுதிய என்னுடையது.

அழுத்தினால் 1, விட்டால் 0 என்று மொமென்டரி பட்டன் போட்டிருந்தேன். ஒரே பக்கத்தில் நூறு டேக்கை (பிஎல்சியோடு பரிமாற வேண்டிய மதிப்புகளை) அடைத்ததில், ஸ்கிரீனையும் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சியையும் இணைக்கும் சீரியல் கேபிளில் எல்லாம் போய்வந்து ஒரு சுற்று முடியவே ஒரு விநாடிக்கு மேல் ஆனது. 1 கிளம்புவதற்குள் அவர் விரலை எடுத்துவிடுவார், ஸ்கிரீனின் டிரைவர் மென்பொருள் கடைசி மதிப்பான 0-வை மட்டும் அனுப்பிவிடும்.

ஸ்டார்ட், ஸ்டாப் மாதிரி கட்டளைகளுக்கு வழி சுலபம்: ஸ்கிரீன் 1 எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும், பிஎல்சி அதைப் பார்த்து வேலையைச் செய்துவிட்டுத் தானே 0 ஆக்கட்டும். ஆனால் இதையே இஞ்சிங்குக்கும் போட்டுவிடாதீர்கள், அது பிடித்திருக்கும் வரைதான் ஓட வேண்டும். மொமென்டரியாகவே விட்டாலும் வம்புதான், 1 போன பிறகு கேபிள் கழன்றால் 0 போகாது, கதவுப் பக்கம் ஆள் நிற்கும்போது டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் இஞ்சிங்குக்கு வயர் இழுத்த புஷ் பட்டன்தான். எமர்ஜென்சி ஸ்டாப்பை ஸ்கிரீனில் வைக்கிற பேச்சே வேண்டாம்.

ஓனர் ஸ்கிரீனில்தான் இஞ்சிங் வேண்டும் என்று அடம் பிடித்தால், முதலில் அந்தப் பக்கத்தில் டேக்கைக் குறைத்துச் சுற்றை வேகமாக்குங்கள்; பிறகு பட்டனைப் பிடித்திருக்கும் வரை ஒரு எண் ஏறிக்கொண்டே இருக்கட்டும், அரை விநாடி அது மாறாவிட்டால் பிஎல்சி மோட்டாரை நிறுத்தட்டும்.

அப்புறம், மோட்டார் ஓடுகிறது என்று ஸ்கிரீனில் காட்டும் பச்சை விளக்கு. கட்டளை பிட்டையே (ஓடு என்று சொல்லும் அந்த 1/0-வையே) விளக்குக்கும் கொடுத்தால் மோட்டார் ட்ரிப் ஆகி நின்றிருந்தாலும் பச்சை எரியும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டரின் துணை கான்டாக்ட்டிலிருந்து எடுங்கள்.

எண் பதிவில், ஸ்கிரீனில் 2.5 என்று தெரிவது பிஎல்சியில் 25 ஆக இருக்கலாம். ஒரு பக்கம் புள்ளியை மறந்தால் கெமிக்கல் பத்து மடங்கு போகும், தோல் லோடு மொத்தமும் காலி. குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்பை பிஎல்சியிலும் போடுங்கள்.

ஈரக் கையுறையோடு தட்டுவார்கள் என்பதால் அழுத்தத்தை உணரும் ரெசிஸ்டிவ் டச்சும் பெரிய பட்டனும் நல்லது.

ஒப்படைக்கும் முன், மோட்டார் சப்ளையைத் துண்டித்துவிட்டு, பட்டனை அழுத்தியபடியே கேபிளைப் பிடுங்கி, பிஎல்சியில் அந்த பிட்டைப் பாருங்கள். அன்றைக்கு நான் பிடுங்கிப் பார்த்தபோது 1-லேயே நின்றது.