ஸ்ட்ராங் பேடின் பழைய கணினிகள்: புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோம்ஸ்டார் ரன்னர் என்ற அமெரிக்க இணையக் கார்ட்டூனில் வரும் ஸ்ட்ராங் பேடுக்கு முகத்தில் மல்யுத்த முகமூடி, கையில் குத்துச்சண்டைக் கையுறை. கையுறையைக் கழற்றாமலேயே தட்டச்சு செய்து, ரசிகர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் சொல்வான். மேட் சாப்மன், மைக் சாப்மன் சகோதரர்கள் 2001இல் தொடங்கிய இந்த மின்னஞ்சல் வரிசையில் 200க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கார்ட்டூன் இது. சின்னச் சின்னத் தவறுகளால் இதன் சுவையைப் பலர் இழப்பதுதான் வருத்தம்.

அவனைப் பழம்பொருள் பிரியன் என்று நினைப்பது பெரிய தவறு. பழையதைச் சேர்த்துவைப்பவருக்கு அது பழையது என்று தெரியும். இவனுக்கோ தன் மேசையில் இருப்பதுதான் உலகத்திலேயே சிறந்த இயந்திரம். முதலில் டேண்டி 400, பிறகு காம்பி 386. அதை வைரஸ் அழித்த பிறகு லேப்பி 486 என்ற கனத்த மடிக்கணினி. பெயர்களில் உள்ள எண்கள் இன்டெல் நிறுவனத்தின் கணினிச் சில்லுகளை நினைவூட்டுபவை: 386 வந்தது 1985இல், 486 வந்தது 1989இல். விண்டோஸ் எக்ஸ்பி வெளியான 2001க்குப் பிறகும் இவன் கணினியை மாற்றி மாற்றி, பழையதிலிருந்து இன்னொரு பழையதற்கே போகிறான். இந்த ஆண்டுக் கணக்கு தெரியாமல் பார்த்தால் நகைச்சுவையில் பாதி போய்விடும்.

டேண்டி 400ஐ வாங்கத் தேடவும் வேண்டாம். ரேடியோஷாக் கடைகள் விற்ற டேண்டி 1000 நிஜம், 1984இல் வந்தது. 400 கற்பனை.

அடுத்தது, யூடியூப் காணொளியோடு நிறுத்திக்கொள்வது. இந்தக் கார்ட்டூன் ஃபிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்டது. அத்தியாயம் முடிந்து, பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியின் தாள் ஒன்று மேலிருந்து இறங்கிய பிறகும் திரையில் வேலை இருக்கும். ஒரு சொல்லையோ பொருளையோ சொடுக்கினால் ஒளித்துவைத்த காட்சி திறக்கும். காணொளியில் அப்படித் தேடிக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் கிடைக்காது.

சரி, அப்படியானால் ஃபிளாஷ் கோப்புகளை இயக்கும் ஃபிளாஷ் பிளேயரைத் தரவிறக்கலாமா? கூடவே கூடாது. 2020 டிசம்பர் 31உடன் அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃபிளாஷ் கோப்புகளைத் தடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வரவில்லை. ஏதோ ஒரு தளம் ‘புதிய ஃபிளாஷ்’ என்று தருவதை நிறுவினால், காம்பிக்கு நேர்ந்தது உங்கள் கணினிக்கும் நேரலாம். ரஃபிள் என்ற திறமூல மென்பொருள் ஃபிளாஷ் கோப்புகளை உலாவிக்குள்ளேயே இயக்குகிறது. ஹோம்ஸ்டார் ரன்னரின் சொந்தத் தளமும் அதைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே போனால் எதையும் நிறுவாமல் பார்க்கலாம், சொடுக்கவும் செய்யலாம். பழைய கணினிகளைக் கொண்டாடிய கார்ட்டூன், தன்னை உருவாக்கிய மென்பொருள் போன பிறகும் இப்படிப் பிழைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம், பார்க்கும் வரிசை. சிறந்தவை என்று யாரோ தொகுத்ததிலிருந்து ஆரம்பிக்காமல், முதல் மின்னஞ்சலிலிருந்தே வாருங்கள். தொடக்க அத்தியாயங்கள் ஓரிரு நிமிடம்தான். டேண்டியோடு கொஞ்ச நாள் பழகியவர்களுக்குத்தான் காம்பி 386 வந்து இறங்கும்போது அவனுக்கு ஏன் அவ்வளவு பெருமை என்று புரியும்.