கைக்குழந்தையைப் படமெடுக்க 35-ஆ, 50-ஆ? முதல் லென்ஸ் வாங்குவோருக்கு

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை வைத்து வீட்டுக்குள் குழந்தையை எடுத்தால் பாதிப் படம் கலங்கித்தான் வரும். யாரைக் கேட்டாலும் "50 மி.மீ. எஃப்/1.8 வாங்கிடு, விலையும் கம்மி" என்பார்கள். நல்ல லென்ஸ்தான். ஆனால் மி.மீ. எண் கூடக்கூட படத்துக்குள் அடங்கும் இடம் குறையும் என்பதால் பத்துக்குப் பத்து அறையில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அங்கே 35 மி.மீ. தோதாக இருக்கலாம். வாங்கும் முன் கையில் இருக்கும் லென்ஸிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

படி 1: சென்சார் எது என்று பாருங்கள்

சென்சார் என்பது கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் பகுதி. ஆரம்ப விலைக் கேமராக்களில் பெரும்பாலும் க்ராப் சென்சார்தான், அதாவது ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சாரைவிடச் சிறியது. லென்ஸின் மி.மீ. எண்ணை நிக்கான், சோனி என்றால் 1.5-ஆலும் கேனன் என்றால் 1.6-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ் அதில் 75 அல்லது 80 போல நடந்துகொள்ளும். ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, 50-ஐயே வாங்கலாம்.

படி 2: டேப் ஒட்டிச் சோதியுங்கள்

கிட் லென்ஸை 35-இல் நிறுத்தி, ஜூம் வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அதிலேயே எடுங்கள். மறுநாள் 50. பாய், கட்டில், தூளி, பாட்டி மடி என்று குழந்தை வழக்கமாக இருக்கும் இடங்களில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பாயில் படுத்திருக்கும் குழந்தையை நின்றபடி மேலிருந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கேமரா தரையிலிருந்து சுமார் 140 செ.மீ. உயரத்தில் இருக்கும். க்ராப் சென்சாரில் 50 போட்டால் நீளவாக்கில் 60 முதல் 65 செ.மீ. வரைதான் படத்துக்குள் வரும். பிறந்த குழந்தை அடங்கிவிடும். ஆறு மாதக் குழந்தைக்குத் தலையோ காலோ வெட்டுப்படும். 35-இல் சுமார் 90 செ.மீ. கிடைக்கும். முக்காலியில் ஏறி நின்று எடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தரையில் நின்றாலும் கேமராப் பட்டை கழுத்தில் இருக்கட்டும்.

சரி, இடம் பத்தவில்லை என்றால் 18-க்கே போய்விடலாமே? போகலாம், ஆனால் முகத்தை நெருங்கி எடுத்தால் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும்.

படி 3: எஃப் எண்ணைப் பாருங்கள்

எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது. கிட் லென்ஸ் 55-இல் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்; கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகும்) 6400 கேட்கிற இடத்தில் 640 போதும். தவழும் குழந்தை கலங்காமல் வர ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/250 நொடியாவது வேண்டும் என்பதால் இந்த லாபம் பெரிது. அதற்காக எப்போதும் 1.8-இலேயே எடுக்காதீர்கள். நெருங்கி எடுக்கும்போது ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். ஜன்னலோரம் வெளிச்சம் இருந்தால் 2.8 வையுங்கள்.

படி 4: எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும்?

நிக்கானின் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி 30 செ.மீ. வரை நெருங்கும், 50 மி.மீ. எஃப்/1.8ஜி-க்கு 45 செ.மீ. வேண்டும். மடியில் இருக்கும் குழந்தையை எடுக்க இந்த 15 செ.மீ. ரொம்ப உதவும். விரல் நுனி, இமை என்று இன்னும் நெருங்க மேக்ரோ லென்ஸ் வேண்டும். முதல் லென்ஸாக அது தேவையில்லை.

படி 5: உங்கள் கேமராவில் வேலை செய்யுமா?

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப்/1.8டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடுகிற பிள்ளையிடம் அது பலிக்காது. பெயரில் "ஏஎஃப்-எஸ்" இருக்கிறதா என்று பாருங்கள். கேனன் க்ராப் டிஎஸ்எல்ஆர் என்றால் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 சின்ன வீட்டுக்குத் தோதானது; 16 செ.மீ. வரை நெருங்கும். கேனன் ஆர் வகை மிரர்லெஸ் வைத்திருந்தால் ஆர்எஃப் 35 மி.மீ. எஃப்/1.8 பாருங்கள். விலை கூடத்தான், ஆனால் பாதி மேக்ரோ வேலையையும் அதுவே செய்துவிடும்.