காலேஜ் லைப்ரரில புது புக்கையும் விழிப்புணர்வு மாசத்தையும் ஒரே ரேக்ல சேர்க்கிறது எப்படி

நிறைய காலேஜ் லைப்ரரில புது புக் வந்ததும் கண்ணாடி ஷோகேஸ்ல வெச்சு பூட்டிடுறாங்க, அந்தப் பக்கம் நோட்டீஸ் போர்டுல உலக எய்ட்ஸ் தினம்னு ஒரு கலர் பிரிண்ட் அவுட் ஒட்டியிருக்கும், ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. பசங்க ரெண்டையும் பார்த்துட்டு வெறுங்கையோட போயிடுவாங்க. நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல போட்ட அஞ்சு நூலக விதில முதல் விதியே புத்தகம் பயன்படுத்துறதுக்குத்தான்னு சொல்லுது, அதனால முதல்ல அந்த ஷோகேஸ் பூட்டைத் திறங்க. டிஸ்ப்ளேல இருக்கிற எந்த புக்கையும் அப்பவே இஷ்யூ பண்ணிக் கொடுக்கணும், மாசம் முடியட்டும்னு சொல்லவே கூடாது. எடுத்துட்டுப் போய் ரேக் காலியானா அது நல்ல விஷயம், வேற புக் வெச்சுக்கலாம்.

ஜூன்ல காலேஜ் திறக்கும்போதே எந்த மாசம் எந்தத் தலைப்புல ரேக் போடுறதுன்னு வருஷத்துக்கான காலண்டரை உக்காந்து எழுதிடுங்க. இருக்கிற எல்லா தினத்தையும் எடுத்துக்காதீங்க, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு போதும். ஜூன்ல 14ம் தேதி ரத்ததான நாள், ஆகஸ்ட்ல 12 நூலகர் தினம் அதாவது ரங்கநாதன் பிறந்தநாள், செப்டம்பர்ல ஊட்டச்சத்து மாசம், கூடவே 10ம் தேதி தற்கொலை தடுப்பு தினம், அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாசம், அதுலயே 10ம் தேதி மனநல தினம், டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம், ஜனவரி 25 வாக்காளர் தினம், பிப்ரவரி 28 அறிவியல் தினம், மார்ச் 22 தண்ணீர் தினம். நவம்பர் 14 சர்க்கரை நோய் தினமும் குழந்தைகள் தினமும், தேசிய நூலக வாரம் ஆரம்பிக்கிறதும் அன்னைக்கேதான், ஆனா பல காலேஜ்ல அது செமஸ்டர் எக்ஸாம் நேரம், யாரும் டிஸ்ப்ளே பார்க்க வரமாட்டாங்க, அதனால அந்த ரேக்கை அக்டோபர் கடைசி வாரமே போட்டுடுங்க. ஏப்ரல் 23 புத்தக தினத்துக்கும் இதே கதைதான்.

எல்லாரும் கோட்டை விடுறது புக் வாங்குறதுலதான். டிபார்ட்மெண்ட்ல லிஸ்ட் வாங்கி, கொட்டேஷன் கேட்டு, பிரின்சிபால் கையெழுத்து வாங்கி, ஆர்டர் போட்டு, புக் வந்து பில் சரிபார்த்து, அக்சஷன் நம்பர் (பதிவேட்டு வரிசை எண்) போட்டு, சீல் குத்தி, கிளாசிஃபிகேஷன் நம்பர் கொடுத்து, கோஹாங்கிற லைப்ரரி சாஃப்ட்வேர்ல என்ட்ரி போட்டு, பார்கோடும் ஸ்பைன் லேபிளும் ஒட்டி ரேக்குக்கு வர்றதுக்குள்ள ரெண்டு மூணு மாசம் ஓடிடும். அக்டோபர் ரேக்குக்கு புது புக் வேணும்னா ஜூலைலயே லிஸ்ட் போகணும். டிபார்ட்மெண்ட் கொடுக்கிற லிஸ்ட் பூரா பாடப் புத்தகமாத்தான் இருக்கும், அதனால மாசத் தலைப்புக்குன்னு மூணு நாலு புக்கை நீங்களே கமிட்டில கேட்டு வாங்குங்க, ஒண்ணாவது தமிழ்ல இருக்கணும்.

புது புக் மட்டும் வெச்சா ரேக் நிறையாது, நிறைய வேண்டியதும் இல்ல. பதினஞ்சு இருபது புக் போதும், பாதி புதுசு, பாதி உள்ள ரேக்ல தூங்கிட்டிருக்கிறது. புக்கை பாடவாரியா பிரிக்கிற டியூவி நம்பர்படி அடுக்கினா மனநலம் சம்பந்தப்பட்ட புக் ஒரே இடத்துல இருக்காதுங்க, மன அழுத்த நோய் பத்தினது 616.85ல, தற்கொலை தடுப்பு 362.28ல, தன்னம்பிக்கை புக் 158ல, அதே விஷயத்தைப் பேசுற தமிழ் நாவல் 894.811ல போய் உக்காந்திருக்கும். ஒரு ஸ்டூடண்ட் இத்தனை ரேக்கும் சுத்தித் தேடமாட்டான். அதையெல்லாம் ஒரு மாசத்துக்கு ஒரே இடத்துக்குக் கொண்டு வர்றதுதான் லைப்ரரியன் மட்டுமே செய்யக்கூடிய வேலை, பிரிண்ட் அவுட் ஒட்ட யாராலயும் முடியும். எடுத்து வெச்சதும் கோஹால ஷெல்ஃப் லொகேஷனை டிஸ்ப்ளேன்னு மாத்திடுங்க, இல்லன்னா ஓபேக்ல, அதாவது ஆன்லைன் கேட்டலாக்ல தேடுறவங்க பழைய ரேக்ல போய் புக் காணோம்னு நிப்பாங்க. அதே புக்குகளை வெச்சு ஓபேக்ல ஒரு பொது லிஸ்ட்டும் போட்டா ஹாஸ்டல்ல இருந்தே பார்த்துக்குவாங்க.

உடம்பு சம்பந்தப்பட்ட தலைப்புன்னா பதிப்பு வருஷத்தைக் கட்டாயம் பாருங்க. பழைய மருத்துவத் தகவலை விழிப்புணர்வுன்னு எடுத்துக் கொடுக்கிறது தப்பு. முப்பது நாள்ல சர்க்கரையை விரட்டலாம், கேன்சருக்கு கைவைத்தியம் போதும்ங்கிற மாதிரி புக் யாராவது அன்பளிப்பா கொடுத்திருந்தாலும் இந்த ரேக்ல அதுக்கு இடமே கொடுக்காதீங்க, நாம எடுத்து வெச்சா அது சரின்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்.

செப்டம்பர் 10க்கு ரொம்ப கவனமா இருக்கணும். தூக்குக் கயிறு, மாத்திரை, பாலத்து மேல நிக்கிற ஆள் மாதிரி படம் எதுவும் வேண்டாம், எப்படி இறந்தாங்கன்னு விவரிக்கிற பேப்பர் கட்டிங்கும் வேண்டாம், ஏற்கனவே கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு அது ஆபத்து. உதவி எங்க கிடைக்கும்ங்கிறதுதான் பெருசா தெரியணும். 14416 அரசோட டெலிமானஸ் மனநல உதவி நம்பர், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம். ஆனா போஸ்டர் முன்னாடி நாலு பேர் பார்க்க நின்னு யாரும் நம்பரைக் குறிச்சுக்கமாட்டாங்க, அதனால சின்ன புக்மார்க்ல அடிச்சு ரேக்ல இருக்கிற எல்லா புக்லயும் சொருகி வைங்க. கவுண்டர்ல இருக்கிறவங்ககிட்ட புக் பேரை சத்தமா படிக்க வேண்டாம்னு சொல்லி வைங்க, மார்பகப் புற்றுநோய் மாசத்துக்கும் இது பொருந்தும். ஆம்பளைங்களுக்கும் அந்த நோய் அபூர்வமா வரும்னு ஒரு கார்டு வெச்சா பசங்களும் தயங்காம எடுத்துப் பார்ப்பாங்க.

ரேக்கை கவுண்டருக்குப் போற வழில போடுங்க, அட்டை முகம் தெரியுற மாதிரி நிமிர்த்தி வைங்க, முதுகு மட்டும் தெரிஞ்சா கண்ணுல படாது. நாலஞ்சு புக்குக்காவது படிச்ச ஸ்டூடண்ட் ஒருத்தரையே ரெண்டு மூணு வரி எழுதச் சொல்லி கார்டா வைங்க, அவங்க பேசுற தமிழ்லயே இருக்கட்டும், திருத்தாதீங்க. எய்ட்ஸ் தினத்துக்கு ரெட் ரிப்பன் கிளப், ரத்ததானத்துக்கு யூத் ரெட் கிராஸ், மத்ததுக்கு என்எஸ்எஸ்னு ஆளு ஏற்கனவே இருக்காங்க, கூப்பிட்டா வருவாங்க. காலேஜுக்கு கிரேடு கொடுக்கிற நாக் (NAAC) அமைப்புக்கு இடம் பதிவான ஜியோடேக் போட்டோ கேப்பாங்க, முதல் நாளே எடுத்து ஃபைல்ல போட்டுட்டு அதோட அதை மறந்துடுங்க.

மாசக் கடைசில கோஹால அந்த புக்குகளோட இஷ்யூ கணக்கை எடுத்துப் பாருங்க. எது ஒரு தடவைகூட போகலையோ அதை அடுத்த வருஷம் வெக்காதீங்க, எதுக்கு ரிசர்வேஷன் விழுந்துச்சோ அதுக்கு இன்னொரு காப்பி கேட்டு எழுதுங்க. பழைய புக் எல்லாம் லொகேஷனை மாத்தி அதது ரேக்குக்குத் திரும்பிப் போகட்டும், போகாத புது புக்கை மட்டும் இன்னும் ஒரு வாரம் கவுண்டர் மேலேயே வெச்சிருங்க, ரிட்டர்ன் கொடுக்க வர்றவங்க அதையும் ஒரு தடவை கையில எடுத்துப் பார்ப்பாங்க.