பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் ஆட்கள் குறைய ஆரம்பித்தால், "இந்த வயதில் மண்டையில் ஏறாது" என்று பழியை அவர்கள் மேலேயே போட்டுவிடுகிறோம். அது நியாயமில்லை. உச்சரிப்பில் சிறுவர்களுக்குச் சாதகம் உண்டு, உண்மைதான். ஆனால் ஆரம்பக் கட்டத்தில் இலக்கணத்தையும் வாக்கிய அமைப்பையும் சின்னக் குழந்தைகளைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வது பெரியவர்கள்தான். கோளாறு பெரும்பாலும் நாம் நடத்தும் விதத்தில் இருக்கிறது.

சிறுவர் பாடப் புத்தகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வருவதில் அது தொடங்குகிறது. டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லவும், இன்டர்வியூவில் பதில் சொல்லவும், பிள்ளையின் ஆசிரியரிடம் பேசவும் வேண்டும் என்று வந்தவருக்கு மிருகங்களின் பெயரும் நிறங்களின் பெயரும் எதற்கு? ஆங்கில வினைச்சொல்லின் பன்னிரண்டு காலங்களை (டென்ஸ்) அட்டவணை போட்டு ஒப்பிக்க வைப்பதும் இதே வகைதான். முதல் நாளே, அவரவர் தாய்மொழியிலேயே கூட, "போன வாரம் ஆங்கிலம் தெரியாமல் எங்கே தடுமாறினீர்கள்?" என்று கேளுங்கள். வரும் பதில்கள்தான் பாடத்திட்டம்.

அடுத்தது, பிழை திருத்துவது. அதிகம் கெடுப்பது இங்கேதான். ஒருவர் தயங்கித் தயங்கி, "எஸ்டர்டே ஐ கோ டு பேங்க்" என்கிறார். வாய் மூடுவதற்குள் "வென்ட்! வென்ட்!" என்று பாய்ந்தால், அன்று முழுக்க அவர் வாயே திறக்க மாட்டார். மென்மையாகத் திருத்துகிறேன் பேர்வழி என்று "ஓ, யூ வென்ட் டு தி பேங்க்?" என்றால், "எஸ், எஸ்" என்று தலையாட்டிவிட்டுப் போவார். நாம் திருத்தினோம் என்பதே அவருக்குத் தெரியாது. பேச்சுக்குப் பதில் பேசினோம் என்றுதான் நினைப்பார். கனடாவில் தங்களுக்கு இரண்டாம் மொழியான பிரெஞ்சு வழியில் படித்த சிறுவர்களின் வகுப்புகளை ஆராய்ந்து ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் 1997-இல் வெளியிட்ட முடிவு இதையே சொன்னது: ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த மறைமுகத் திருத்தம், மாணவர்கள் தங்கள் பிழையைத் தாங்களே சரிசெய்ய மிகக் குறைவாக உதவியதும் அதுவே. பெரியவர்கள் வகுப்பிலும் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அவர் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். பிறகு "எஸ்டர்டே ஐ..." என்று இழுத்து நிறுத்துங்கள். பாதிப் பேர் "வென்ட்" என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். அப்படி வாயிலிருந்து வந்தது நிலைக்கும். எல்லாப் பிழையையும் பிடிக்கவும் வேண்டாம். அன்றைய பாடத்தோடு சேர்ந்ததையும், பொருளையே மாற்றிவிடுவதையும் பிடித்தால் போதும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்காமல் இருப்பது இன்னொரு தவறு. அமெரிக்கப் பள்ளி வகுப்பறைகளைக் கவனித்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன என்றும் 1970-களில் எழுதினார். அவர் பார்த்தது அறிவியல் பாடங்களை. புது மொழியில் சொல்லைத் தேடி, வரிசைப்படுத்தி, கூச்சத்தையும் தாண்டிப் பேச வேண்டியவருக்கு மூன்று நொடி எந்த மூலைக்கு? அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம். அவர் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே "புரிந்தது" என்பார்கள். அதற்குப் பதில், "'யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ' என்று மேலாளர் சொன்னார். மீறி நாளைக்குப் போனால் திட்டு விழுமா?" என்று கேட்டுப் பாருங்கள். 'வர வேண்டிய அவசியமில்லை' என்றுதான் அதற்குப் பொருள், 'வரக் கூடாது' என்றல்ல; ஆகவே திட்டு விழாது. புரிந்தவர் யார், புரியாதவர் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

வகுப்பில் தாய்மொழிக்குத் தடை போடுவதும் வேண்டாம். பத்து நிமிடம் கையைக் காலை ஆட்டி விளக்குவதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை ஆங்கிலத்தில் பேசக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. பெரியவர்களுக்கு ஷிப்ட் உண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்; வகுப்பு தவறத்தான் செய்யும். அதைக் குற்றமாகப் பார்த்து, போன பாடத்தைத் தொடாமல் ஓடினால், வராதவர் மறுபடி வரவே வெட்கப்படுவார். வந்தவருக்கும் பாதி மறந்திருக்கும். முதல் பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள். போன முறை வந்தவர் வராதவருக்கு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நடந்த பாடத்தைச் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்கு எதை மறுபடி நடத்த வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.